இரண்டு பாடத்தில் வரும் ஒரே மனிதர் – ஃபிரான்ஸ் கிராஷாஃப்

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இந்தப் பெயர் இரண்டு தடவை அறிமுகம். தியரி ஆஃப் மெஷின்ஸில் ஃபோர் பார் மெக்கானிசத்துக்கு ஒரு விதி: குட்டை லிங்க்கும் நெட்டை லிங்க்கும் சேர்ந்த நீளம் மற்ற இரண்டின் கூட்டலைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எந்த லிங்க்கும் முழுச் சுற்று சுற்றாது. அப்புறம் ஹீட் டிரான்ஸ்ஃபரில் ஓர் எண். இரண்டும் ஒரே ஆள் பெயர்தான்!

கிராஷாஃப் 1826-ல் ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் பிறந்தார். 15 வயதில் பள்ளியை விட்டு மெக்கானிக் வேலைக்குப் போனார். கூடவே தொழிற்பள்ளியிலும் படித்தார். 1844-ல் பெர்லினில் சேர்ந்து கணிதம், இயற்பியல், இயந்திரவியல் படித்தார். பிறகு என்ன தோன்றியதோ, பாய்மரக் கப்பல் ஏறி கிழக்கிந்தியத் தீவுகள், ஆஸ்திரேலியா வரை போய்விட்டு வந்தார். 1856-ல் இளம் எஞ்சினியர்கள் சேர்ந்து ஜெர்மன் பொறியாளர் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் இயக்குநரும் பத்திரிகை ஆசிரியரும் இவர்தான். 1863-ல் கார்ல்ஸ்ரூ பாலிடெக்னிக்கில் பேராசிரியர். ஆமாம், பாலிடெக்னிக்கேதான்!

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். சூடான தகடு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஃபேன் வேண்டாம். ஒட்டியிருக்கும் காற்று சூடாகி லேசாகும், மேலே ஏறும். ஏற ஏற அந்தக் காற்றுப் படலம் தடித்துக்கொண்டே போகும். காற்றைத் தூக்குவது மிதப்பு விசை, பிடித்து இழுப்பது பாகுநிலை. இந்த இழுபறியில் யார் கை ஓங்குகிறது என்று சொல்வதே கிராஷாஃப் எண். இதில் உயரம் மும்மடியாக வரும். தகட்டை இரு மடங்கு உயரமாக்கினால் எண் எட்டு மடங்கு! அதற்காக வெப்பமும் எட்டு மடங்கு போகும்னு நினைத்துவிடாதீர்கள். ஓட்டம் சீராக இருக்கும்வரை சராசரி வெப்பக் கடத்துக் கெழு சுமார் 16 சதவீதம் குறையத்தான் செய்யும். படலம் தடித்துப் போனதே காரணம். இந்த எண்ணைப் பிராண்டல் எண்ணால் பெருக்கி வருவது 100 கோடியை நெருங்கினால் ஓட்டம் கொந்தளிப்பாக மாறிவிடும்.

செங்குத்துத் தகட்டுக்கு 1881-லேயே கணக்குப் போட்டவர் டென்மார்க்கின் லுட்விக் லோரென்ஸ். அந்தப் படலத்தின் வேகத்தையும் வெப்பநிலையையும் ஷ்மிட்டும் பெக்மானும் 1930-ல் அளந்து காட்டினார்கள். எண்ணுக்குக் கிராஷாஃப் பெயரை வைத்தது, அவர் மறைந்து பல வருடம் கழித்துப் பின்னால் வந்தவர்கள். நியாயம் பார்த்தால் லோரென்ஸ் பெயரை வைத்திருக்கலாம். ஆனாலும் எஞ்சினியர்களுக்கென்று சங்கமும் பத்திரிகையும் நடத்தி, வெப்பவியலையும் இயந்திரவியலையும் சேர்த்து மூன்று தடித்த பாகமாகப் புத்தகம் எழுதிக் கொடுத்த மனிதருக்கு அந்த மரியாதை கிடைத்தது எனக்குத் தப்பாகப் படவில்லை.

1882-ல் பக்கவாதம் தாக்கியது. அதற்கப்புறமும் எழுத்தை விடவில்லை. கடைசிப் பாகம் 1890-ல் வந்தது. 1893 அக்டோபரில் கார்ல்ஸ்ரூவில் காலமானார். மறு வருடமே சங்கம் அவர் பெயரில் ஒரு பதக்கம் ஏற்படுத்தியது.