ஐடா ஸ்கடர் அம்மையார்

வைத்தியசாலை எழுப்புதல் அரிதன்று. எழுப்பியவர் மறைந்த பின்னும் அது நிலைத்துப் பயன் தரச் செய்தலே அரிது. அவ்வருஞ்செயலைச் செய்தவர் வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

அம்மையார் 1870-ம் ஆண்டு இராணிப்பேட்டையில் மிஷன் வைத்தியர் குடும்பத்திற் பிறந்தார். திண்டிவனத்தில் ஓரிரவு, ஆண் வைத்தியர் தீண்டலாகாதென்னும் வழக்கத்தால் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டனர். அது கண்டு மனம் மாறிய அம்மையார், அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1899-ல் பட்டம் பெற்றார். நியூயார்க் செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக ஈந்த பொருளால், 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளுடன் ஷெல் வைத்தியசாலை எழுந்தது.

படுக்கைகள் பெருகினும் தம் இரு கைகள் பெருகா என்பதை அம்மையார் உணர்ந்தார். ஆகவே 1909-ல் தாதியர் பள்ளியும், 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் தொடங்கினார். 1922-ல் முதல் வகுப்பினர் 14 பேரும் தேறினர்.

பின்னர்ப் பெருஞ்சோதனை நேர்ந்தது. சென்னை அரசாங்கம் டிப்ளமாப் படிப்பை நீக்கிப் பல்கலைக்கழகப் பட்டத்தையே வேண்டிற்று. அதற்கேற்ற படுக்கைகளும் ஆசிரியரும் பொருளும் இல்லை. பள்ளியை விரித்தல் வேண்டும், அன்றேல் மூடுதல் வேண்டும். எழுபது கடந்த அம்மையார் அமெரிக்கா சென்று பொருள் திரட்டினார். பல மிஷன்களின் கூட்டுறவை நாடினார். பெண்களுக்கென்றே வளர்த்த நிலையத்தில் ஆடவரைச் சேர்க்கவும், பழைய நண்பர் மனம் வருந்தியும், இசைந்தார். 1942-ல் பட்டவகுப்பு தொடங்கிற்று. 1947-ல் ஆடவர் சேர்ந்தனர்.

அம்மையார் 1960-ல் கொடைக்கானலில் காலமானார். வைத்தியசாலையோ இன்றும் வளர்கின்றது. நோக்கத்தைக் கைவிடாது வழியை மாற்றத் துணிந்தமையே அதற்குக் காரணம். நாளை நிலையங்களை நடத்தவிருக்கும் மாணவர் இதனை உளங்கொள்வாராக.