அலை கடந்த ஆரத்தி

(உச்சிப்புளி மாணவி, இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

உச்சிப்புளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் புதிதன்று. ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபம் தாண்டி, பாம்பன் கடந்து, தனுஷ்கோடி முனையில் போய் நின்றால் இரு கடல்களையும் ஒருங்கே காணலாம். அங்கே அமைதியாகக் கிடக்கும் வடகடலுக்குப் பெண் கடல் என்று பெயர். சீறி எழும் தென்கடலுக்கு ஆண் கடல் என்று பெயர். சீறுவது ஆண், அடங்கிக் கிடப்பது பெண் என்று கடலுக்கே பெயர் சூட்டிய மக்கள் நாம்!

ஆனால் கடல் அந்த வேற்றுமையை அறியாது. அலைக்கு ஆணும் ஒன்றே, பெண்ணும் ஒன்றே. இவ்வுண்மையைத் தன் இரு கைகளாலும் உலகுக்கு எழுதிக் காட்டினாள் வங்கம் தந்த ஒரு மங்கை. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் என்ற பெருமைக்குரிய ஆரத்தி சாஹாதான் அவர். பொது அறிவு நூல்களில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி காணப்படும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளத்தில் தொடங்கிய பயணம்

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார் ஆரத்தி. இரண்டரை வயதிலேயே தாயை இழந்தார். வட கல்கத்தாவில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். குளிப்பதற்காகச் சம்பாதலா படித்துறைக்குப் போன இடத்தில்தான் நீந்தக் கற்றுக்கொண்டார். குழந்தையின் ஆர்வத்தைக் கண்ட தந்தை அவரை ஹாட்கோலா நீச்சல் கழகத்தில் சேர்த்தார். பெண் குழந்தைக்கு எதற்கு இந்த வேலை என்று அவர் கேட்டிருந்தால், இன்று நாம் எழுத ஒரு வரலாறே இருந்திராது.

1946இல், ஐந்து வயதில், 110 கஜ நீச்சல் போட்டியில் முதற்பரிசு பெற்றார். 1951ஆம் ஆண்டுக்குள் மாநில அளவில் 22 போட்டிகளில் வெற்றி கண்டார். அவருக்குப் பயிற்சியளித்து வழிகாட்டியவர் சச்சின் நாக். 1951இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்கு நீச்சலில் தங்கம் பெற்றுத் தந்தவர் அவர். நல்லாசிரியர் வாய்ப்பதே பாதி வெற்றி என்பதற்கு இது சான்று.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியில் நான்கு பெண்கள் இடம்பெற்றனர். ஓட்டத்தில் நீலிமா கோஷ், மேரி டிசோசா. நீச்சலில் டாலி நசீர், ஆரத்தி சாஹா. ஆரத்திக்கு அப்போது வயது பதினொன்று! அணியிலேயே இளையவர் அவர்தான். 200 மீட்டர் மார்பு நீச்சலில் தகுதிச் சுற்றோடு வெளியேறினார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 40.8 விநாடி. தாயகம் திரும்பிய பின் 100 மீட்டர் போட்டி ஒன்றில் தன் சொந்தச் சகோதரி பாரதி சாஹாவிடமே தோற்றார். துவண்டுவிடவில்லை. தன் பலம் எது என்று கண்டு, மார்பு நீச்சலிலேயே முழுக் கவனத்தையும் செலுத்தினார்.

கால்வாயின் அழைப்பு

இங்கிலாந்தையும் பிரான்சையும் பிரிக்கும் ஆங்கிலக் கால்வாய், அதன் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 21 மைல் அகலமுடையது. நம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தொலைவைவிடச் சற்றே அதிகம். ஆனால் அந்நீர் நம் கடலைப்போல் வெதுவெதுப்பானதன்று. கோடையிலும் 15 முதல் 18 பாகை அளவே வெப்பம் இருக்கும். நீரோட்டமோ ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை திசை மாறும். நேராகக் கடக்க எண்ணுபவரைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்று வளைந்து வளைந்து நீந்த வைக்கும். துணைக்கு வரும் படகைத் தொட்டால் போட்டி முடிந்தது. 1875இல் மாத்யூ வெப் முதன்முதலாக இதைக் கடந்தார். 1926இல் அமெரிக்கப் பெண் கெர்ட்ரூட் எடெர்லே, தமக்கு முன் கடந்த ஆடவர் ஐவரையும்விடக் குறைந்த நேரத்தில் கடந்து உலகை வியக்க வைத்தார்.

1958இல் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த பிரஜேன் தாஸ் கால்வாயைக் கடந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மிஹிர் சென், இந்தியர்களில் முதல்வராக அதைக் கடந்தார். அந்தச் செய்திகள் ஆரத்தியின் உள்ளத்தில் கனலை மூட்டின. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தவர் பிரஜேன் தாஸ். ஊக்கம் தந்தவர் மிஹிர் சென். ஆசை இருந்தது, ஆற்றலும் இருந்தது, பணந்தான் இல்லை. ஹாட்கோலா கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் அருண் குப்தா முன்னின்று உழைத்தார். நீச்சல் காட்சிகள் நடத்திப் பொருள் திரட்டினார்கள். மேற்கு வங்க முதலமைச்சர் பி.சி. ராய் 11,000 ரூபாய் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்தார். தலைமை அமைச்சர் நேருவும் அக்கறை காட்டினார். ஒரு பெண் கடல் நீந்த வேண்டுமானால் எத்தனை கைகள் சேர வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

1959 ஏப்ரலில் தேசபந்து பூங்காக் குளத்தில் மணிக்கணக்காக இடைவிடாது நீந்திப் பழகினார். ஜூலை 24ஆம் நாள் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

நாற்பது நிமிடத் தாமதம்

1959 ஆகஸ்டு 27. போட்டியில் 23 நாடுகளைச் சேர்ந்த 58 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் பெண்கள் ஐவரே. பிரான்சின் கிரி நே முனையிலிருந்து நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் புறப்பட வேண்டும். ஆனால் ஆரத்திக்குத் துணையாக வரவேண்டிய படகு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. நாற்பது நிமிடம் தாமதமாகவே அவரால் கடலில் இறங்க முடிந்தது.

நாற்பது நிமிடம் நமக்குச் சிறிதாகத் தோன்றலாம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தைவிடக் குறைவுதான்! ஆனால் கடலோர மக்கள் அறிவார்கள்: நீரோட்டம் எவருக்காகவும் காத்திராது. சாதகமான ஓட்டத்தை இழந்தார் ஆரத்தி. காலை முழுதும் நீந்தினார். இங்கிலாந்தின் கரை சில மைல் தொலைவில் வந்துவிட்டது. அப்போது எதிர் நீரோட்டம் பிடித்துக்கொண்டது. மாலை நான்கு மணி வரை போராடியும் ஓரிரு மைல்களே முன்னேற முடிந்தது. படகோட்டியின் வற்புறுத்தலால் நீரைவிட்டு வெளியேறினார்.

இந்தத் தோல்வியைப் பலர் சொல்வதில்லை. வெற்றியைச் சொல்லும்போது தோல்வி எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் ஆரத்தியின் வரலாற்றிலேயே நாம் முதலில் சொல்ல வேண்டிய பகுதி இதுதான். பிழை அவருடையதன்று, ஆயினும் பழியைப் பிறர்மேல் போட்டுவிட்டு அவர் ஊர் திரும்பவில்லை. உடன் சென்ற மேலாளர் அருண் குப்தா நோயுற்றார். அப்போதும் பயிற்சி நிற்கவில்லை. அந்நிய மண்ணில், குளிர் நீரில், ஒரு மாதம் தொடர்ந்து பழகினார். அதற்கிடையில் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது.

பிறந்தநாள் கழிந்த ஐந்தாம் நாள், 1959 செப்டம்பர் 29, மீண்டும் அதே கிரி நே முனையில் கடலில் இறங்கினார். அலை அடித்தது, ஓட்டம் இழுத்தது. 16 மணி 20 நிமிடம் நீந்தி இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையில் ஏறினார். வளைந்து சென்ற அந்தப் பாதை 42 மைல் எனக் கணக்கிடப்பட்டது. கரையில் இந்தியக் கொடியை ஏற்றினார். முதலில் வாழ்த்தியவர் விஜயலட்சுமி பண்டிட். மறுநாள் அகில இந்திய வானொலி அச்செய்தியை நாடெங்கும் அறிவித்தது.

1960இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விளையாட்டுக்காக அவ்விருது பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அருண் குப்தாவை மணந்தார், ரயில்வேயில் பணியாற்றினார். மஞ்சள் காமாலையும் மூளை அழற்சியும் தாக்கிப் பத்தொன்பது நாள் போராடி, 1994 ஆகஸ்டு 23ஆம் நாள் மறைந்தார். 1999இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

எழுதப்படாத பெயர்கள்

அன்பு மாணவத் தோழியரே, தோழர்களே! ஆரத்தி உலக முதன்மை பெற்றார். ஆகவே ஒரு வரியாவது கிடைத்தது. அவ்வளவு உயரத்தை எட்டாதவர்களின் கதி என்ன?

எங்கள் அத்தை பள்ளி நாளில் மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். அந்தக் கோப்பை இன்றும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்நாளில் வெளியான செய்தித் துணுக்கையும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் பரிசு வழங்கிய பெரியவரின் பெயர் இருக்கிறது. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், நன்றி கூறியவர் எல்லாரும் இருக்கிறார்கள். ஓடியவள் பெயர் மட்டும் இல்லை. மாணவி ஒருவர் என்று இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால், அந்த ஒருவர் நான்தான் என்று சிரித்துக்கொண்டே விரலால் தொட்டுக் காட்டுவார். அந்தச் சிரிப்பில் கலந்திருக்கும் வருத்தம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இது ஓர் ஊரின் குறையன்று. உலகில் விளையாட்டில் ஈடுபடுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பெண்களாயிருந்தும், விளையாட்டுச் செய்திகளில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் 4 விழுக்காடே என்று 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் சுட்டிக்காட்டியது. நம் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்த மிஹிர் சென்னைப் பெரியவர்கள் பலர் அறிவார்கள். 2004இல் அதே நீரிணையைக் கடந்த புலா சௌத்ரியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரும் ஆரத்தியைப்போல் வங்கத்துப் பெண்மணிதான். கரையேறியது நம் தனுஷ்கோடிக் கரையில்தான். இன்னும் அருகில் வாருங்கள். பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். அவர்கள் மூச்சடக்கும் நேரத்தை அளந்து எழுதியவர் யார்? அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு நீச்சல் போட்டி வைத்துப் பார்த்தவர் யார்?

பத்திரிகைகளைக் குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது எளிது. நாம் எழுதுவது எதுவோ அதுவே நாளைய வரலாறு. நம் கைக்கு எட்டிய பத்திரிகை இந்தக் கல்லூரி மலர். இதிலிருந்தே தொடங்கலாம். மாணவியர் அணி வெற்றி பெற்றது என்று ஒரே வரியில் முடிக்க வேண்டாம். ஆடியவர் பெயர் என்ன, எந்த ஊர், யார் பயிற்சி தந்தார், எத்தனை விநாடியில் ஓடினார், சென்ற ஆண்டு ஏன் தோற்றார், இவ்வாண்டு எதை மாற்றினார் என்று எழுதுவோம். அவர் உடையையும் தோற்றத்தையும் விட்டுவிட்டு ஆட்டத்தை எழுதுவோம். தோல்வியையும் எழுதுவோம். ஆகஸ்டு 27ஐச் சொல்லாமல் செப்டம்பர் 29இன் பெருமை எப்படி விளங்கும்?

ஆரத்தியை வென்றது அலையன்று, வராத படகு. அவரைக் கரை சேர்த்தது மீண்டும் இறங்கிய துணிவு. எழுத்தும் ஒரு துணைப்படகுதான். நம் தோழியர் நீந்தத் தயாராய் நிற்கிறார்கள். நம் படகு இம்முறை நேரத்தில் போய்ச் சேரட்டும்!