எண்ணாமல் இட்ட சோறு

சார்லட் பிராண்டே என்னும் ஆங்கிலப் பெண்மணி 1847ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஜேன் அயர்’ என்னும் நாவலை ஒவ்வோராண்டும் என் மாணவர்க்குக் கதையாகச் சொல்வது என் வழக்கம். பெற்றோரை இழந்த ஜேன், மறைந்த மாமனின் பெருமனையில் வளர்கிறாள். மாமியின் மகன் அவளை அடிக்கிறான். அடியை எதிர்த்தமைக்காக, மாமன் உயிர்நீத்த அறையில் அவளையே பூட்டி வைக்கிறார்கள். பின்னர்ச் சேர்ந்த தருமப் பள்ளியிலும் அவளுக்குக் கிடைத்தவை பசியும் குளிரும் பழிச்சொல்லுமே. தந்தையற்ற பாண்டவர்க்குப் பெரியதந்தை அரக்கு மாளிகை அளித்த கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

எனக்கும் புதிதன்று. தந்தையை இழந்த நான், செல்வமுள்ள உறவினர் மனையில் சில காலம் வளர்ந்தேன். எனக்காக உலையில் கூடுதலாக இட்ட அரிசியின் சுண்டுக் கணக்கை, என் செவியில் விழுமாறே எண்ணுவார்கள். பசி ஆறியது, அந்த எண்ணிக்கை ஆறவில்லை. எண்ணாமல் சோறிடும் மனை ஒன்று உலகில் உண்டா என்று அந்நாளில் ஏங்கினேன். அத்தகைய மனையொன்றை நம் வாவிக்கரையிலேயே அமைத்தவர் சுவாமி விபுலாநந்தர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

காரைதீவில் 1892ஆம் ஆண்டு சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியர்க்கு மகனாகப் பிறந்த மயில்வாகனனாரே பின்னாளில் விபுலாநந்தர் ஆனார். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்று, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கினார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் அவரைத் தேடி வந்தது. மனையும் பொருளும் பெருக்கி வாழத் தடையொன்றும் இல்லை. ஆயினும் 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924இல் துறவு பூண்டார்.

உறவைத் துறந்த அவர், உறவற்ற பிள்ளைகளைத் துறக்கவில்லை. 1929இல் கல்லடி உப்போடையில் தம் குருநாதர் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அங்கே ஆதரவற்ற சிறுவர்க்கு உண்டியும் உறையுளும் தரும் மாணவர் இல்லமும் அமைந்தது. பள்ளியையும் இல்லத்தையும் அருகருகே அமைத்தமையே அடிகளாரின் அறத்தை நமக்கு உணர்த்துகிறது. உணவளித்து அறிவை மறுப்பது அரை அறம். கற்ற பிள்ளை, பிறர் கைச்சோற்றை என்றென்றும் எதிர்நோக்கி நில்லான்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அவர் அமர்ந்தார். 1947 ஜூனில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. ஜூலை 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார். ஜேனின் கதை வெளிவந்து அப்போது நூறாண்டு.

அவர்தம் திருமேனி, அவர் நிறுவிய வித்தியாலய வளவிலேயே அடக்கம் பெற்றது. மாணவரே, அங்குச் செல்லும்போது யாழ் நூலாசிரியரை வணங்குங்கள். உங்கள் மனையில் உண்ணும் உறவுப் பிள்ளை ஒன்று இருப்பின், அதன் சோற்றை எண்ணாதிருக்கவும் அங்கே உறுதி பூணுங்கள்.