மர வீடும் கான்கிரீட்டும்: ஆர்க்கிடெக்ட் அன்டோனின் ரேமண்ட்

சிவில் படிக்கும் நமக்குக் கான்கிரீட் என்றதும் மிக்ஸ் ரேஷியோவும் கியூப் டெஸ்டும்தான் ஞாபகம் வரும். அந்தக் கான்கிரீட் காலத்துப் புதுமையையும் ஜப்பானியரின் பழைய மர வீட்டையும் சேர்த்து வைத்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் அன்டோனின் ரேமண்ட்.

1888-ல் இன்றைய செக் நாட்டின் கிளாட்னோ ஊரில் பிறந்தார். பிராக் நகரில் படித்து, 1910-ல் அமெரிக்கா போனார். ஆர்க்கிடெக்ட் பிராங்க் லாயிட் ரைட்டிடம் வேலை பார்த்தார். ரைட்டின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக 1919 கடைசியில் மனைவி நோயமியோடு டோக்கியோ வந்தார். கொஞ்ச நாளில் குருவை விட்டுப் பிரிந்து தனி ஆபீஸ் போட்டார்.

ஆனால் அவருக்கு நிஜமான குரு ஜப்பானியத் தச்சர்கள்தான் என்றால் மிகையாகாது. நம்ம ஊர் ஓட்டு வீட்டுத் திண்ணை மாதிரி அங்கேயும் மரப்பலகைத் திண்ணை உண்டு. சுவருக்குப் பதில் தள்ளுகதவு. மரத்துக்குப் பெயின்ட் கிடையாது. ரேமண்ட் இதையெல்லாம் அப்படியே காப்பி அடிக்கவில்லை. தூண்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தி, கதவுகளைத் தூண் வரிசைக்கு வெளியே ஓடவிட்டார். கதவைத் தள்ளினால் வீடு முழுக்கத் தோட்டத்தைப் பார்த்துத் திறந்துவிடும்!

1933-ல் கருயிசாவாவில் தமக்கென ஒரு கோடை பங்களா கட்டினார். அது நம்ம கொடைக்கானல் மாதிரி மலை ஊர். வீட்டின் அமைப்பு, பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் கோர்பூசியே போட்ட ஒரு பிளானைத் தழுவியது. மாடிக்குப் படி இல்லை, சாய்தளம்தான். கூரை நடுவில் தாழ்ந்து இருபுறமும் உயரும். வேலை முழுக்க உள்ளூர் மரம், உள்ளூர்த் தச்சர்.

இதே அறிவு நம்ம பக்கமும் வந்தது. பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி ரேமண்டின் டிசைன். 1937-ல் அவருடைய ஆபீஸிலிருந்து ஜார்ஜ் நகஷிமா வந்து சைட்டில் நின்றார். 1938-ல் ரேமண்டும் வந்து சில மாதம் தங்கினார். வெயிலை மறைத்துக் காற்றை விடும் அசையும் பலகைகள்தான் அங்கே ஜன்னல். அறைகளுக்குத் தேக்குத் தள்ளுகதவு.

பிறகு நடந்ததையும் சொல்லித்தான் ஆகணும். 1943-ல் போர் நடந்தபோது, அமெரிக்க ராணுவத்தின் தீக்குண்டு சோதனைக்காக யூட்டா பாலைவனத்தில் அச்சு அசலான ஜப்பானிய வீடுகளை டிசைன் செய்து தந்தார் ரேமண்ட். பாய் விரிப்பு வரை அசல். அங்கே சோதித்த குண்டுகள் 1945 மார்ச்சில் டோக்கியோ மீது விழுந்தன. ஒரே ராத்திரியில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். போர் சீக்கிரம் முடியட்டும் என்றுதான் செய்ததாகப் பிற்பாடு சுயசரிதையில் விளக்கினார். அதே 1943-ல்தான், ஜப்பானிய வம்சம் என்பதற்காக முகாமில் அடைபட்டிருந்த நகஷிமாவுக்குப் பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்தார்.

1948-ல் மறுபடி டோக்கியோ போனார். 1951-ல் பிளந்த மரக்கட்டைகளால் எளிய வீடும் ஆபீஸும் கட்டினார். 1973 வரை உழைத்து, 1976-ல் அமெரிக்காவில் காலமானார்.

நண்பர்களே! வீட்டைக் கட்டத் தெரிந்த அதே கையால்தான் எரிவதற்கான வீட்டுக்கும் பிளான் போட முடிந்தது. நாளை நம் கைக்கும் வேலை வரும். கையெழுத்துப் போடுமுன் இது யாருக்காக, எதற்காக என்று கேட்போம். பாண்டிச்சேரி போனால் கோல்கொண்டை வெளியே நின்றாவது பார்த்துவிட்டு வாருங்கள்!