சினத்தோடு வீடு திரும்பிய மகன்

பதின்வயதுப் பிள்ளைகளின் கோபத்தைக் கண்டு கலங்காத பெற்றோர் அரியர். அடக்குவதா, அறிவுரை கூறுவதா என்று அவர்கள் திகைக்கின்றனர். இத்திகைப்பு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் கட்டாக் நகரில் புகழ்பெற்ற வழக்கறிஞரான ஜானகிநாத் போஸின் இல்லத்திற்கும் வந்தது. கோபத்தின் காரணமாகக் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டு வீடு திரும்பிய அந்த மகன், பின்னாளில் நேதாஜி என்று நாடு போற்றிய சுபாஷ் சந்திர போஸ்.

1897 ஜனவரி 23ஆம் நாள் பிறந்த சுபாஷ், ஜானகிநாத், பிரபாவதி தம்பதியரின் ஒன்பதாவது குழந்தை. 1913இல் கல்கத்தாப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றுப் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். கூச்சமும் சிந்தனையும் மிக்க மாணவர். முரடர் என்று எவரும் அவரைக் கூறியதில்லை.

1916 ஜனவரியில், வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்தில் சில மாணவர்கள் எழுப்பிய ஓசையால் எரிச்சலுற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஓட்டன் அவர்களைக் கைகளால் பிடித்துத் தள்ளினார். சுபாஷ் வகுப்பின் பிரதிநிதியாக முதல்வரிடம் சென்று முறையிட்டார். பயனில்லை. மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்; பின்னர் பேராசிரியரே அவர்களை அழைத்துப் பேசிச் சமாதானம் ஆனார். அதுவரை அவர்களுடைய சினம் நேரிய வழியிலேயே சென்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அடுத்த மாதமே அப்பேராசிரியர் மற்றொரு மாணவர்மீது கைவைத்தார். முறையிட்டுப் பயன் காணாத இளைஞர்கள் இம்முறை முறையிடவில்லை. மாடிப்படியருகே காத்திருந்து அவரை அடித்தனர். தாம் அந்நிகழ்ச்சியை நேரில் கண்டதாகச் சுபாஷ் பின்னாளில் எழுதினார். முதல்வர் அவரைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்.

அசுதோஷ் முகர்ஜியின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின்முன் சுபாஷ் நின்றார். அடித்தது நியாயந்தானா என்ற கேள்வி எழுந்தது. நியாயமன்று, ஆயினும் மாணவர்கள் மிகக் கடுமையாகத் தூண்டப்பட்டிருந்தனர் என்பதே அவரது விடை. முழுமையாகக் கண்டித்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். ஆனால் கோபத்தின் காரணம் வேறு, கோபம் செய்த செயல் வேறு என்று பத்தொன்பது வயதில் அவர் பிரித்துக் கண்டார். வயது முதிர்ந்தோர்க்கும் எளிதில் கைவராத தெளிவு அது! தண்டனை உறுதியாயிற்று.

மார்ச் மாத இறுதியில் கட்டாக் திரும்பிய மகனிடம் தந்தை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கல்லூரியில் நடந்தது என்ன, அதில் உன் பங்கு என்ன என்று ஒருநாளும் துருவவில்லை. சுபாஷுக்கே இது வியப்பாயிருந்தது. இம்மௌனத்தை அலட்சியம் என்று எண்ணிவிடலாகாது. மாணவர்களின் சார்பாகப் பேசியதற்காகவே மகன் துன்புறுகிறான் என்று பெற்றோர் உணர்ந்திருந்ததை அவர்களது நடத்தையிலிருந்தே அவர் அறிந்துகொண்டார். வெளியே நீதி மறுக்கப்பட்ட பிள்ளைக்கு வீட்டில் மறுவிசாரணை நடக்கவில்லை.

படிப்பு நின்றது, கைகளோ ஓயவில்லை. பதினைந்து வயதிலேயே விவேகானந்தரின் நூல்களைப் படித்துச் சேவையில் நாட்டம் கொண்டிருந்தவர் அவர். நண்பர்களோடு சேர்ந்து, பணிவிடை செய்வோரின்றித் தவித்த காலரா நோயாளிகளைக் கவனித்தார். தாழ்ந்த குலத்தவர் என்று பிறர் ஒதுக்கிய மாணவர் ஒருவர் டைபாய்டு காய்ச்சலால் படுத்தபோது, அவருக்குத் தனிப்பட்ட அக்கறையுடன் பணிவிடை செய்தார். அப்போது ஆசாரம் மிக்க அன்னை பிரபாவதியும் தாமாகவே முன்வந்து மகனோடு சேர்ந்து அம்மாணவரைப் பராமரித்தார். சுபாஷ் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. கல்லூரியில் எந்த அவமதிப்பு அவரைக் கொதிக்கச் செய்ததோ, அதே அவமதிப்புக்கு இங்கே அவரும் அன்னையும் ஒரு நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து விடையளித்தனர்.

1917 ஜூலையில் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே பயிலும்போது பல்கலைக்கழகப் படைப்பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பயிற்சியளித்த ஆங்கில அரசின் தளபதி கிரே கரடுமுரடான குரலில் அதட்டும் இயல்பினர். ஆனால் தங்கள் நன்மையையே அவர் நாடுகிறார் என்று அறிந்திருந்ததால் மாணவர்கள் அவருக்காக எதையும் செய்யச் சித்தமாயிருந்தனர். அதட்டல் அவர்களைச் சுடவில்லை. ஓட்டனிடம் கொதித்ததும் ஏறத்தாழ இதே வயதினர்தாம்.

1919இல் சுபாஷ் தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார். அடிபட்ட ஓட்டன் நீண்ட காலம் வாழ்ந்தார். சுபாஷ் மறைந்த பிறகு, இங்கிலாந்தில் இருந்தவாறு தம் பழைய மாணவரின் நாட்டுப்பற்றைப் புகழ்ந்து ஒரு கவிதை எழுதினார்.