தாழ்ப்பாள் போடாத ஜாக் ஸ்டீன்

வேர்ல்ட் கப் ஃபைனல்னு ராத்திரி கண்ணு முழிச்சு உட்காருவோம். அரை மணி நேரத்துல கொட்டாவி வந்துடும். 1990-இல் ரோமில் மேற்கு ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபைனலில் விழுந்தது ஒரே ஒரு கோல். அதுவும் 85-ஆவது நிமிடத்தில், பெனால்டியில். 1994-இல் பிரேசிலும் இத்தாலியும் 120 நிமிடம் ஓடியும் கோலே இல்லை. 2018, 2022 மாதிரி விருந்து வைத்த ஃபைனல்களும் உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனாலும் தொடர் முழுக்கத் துணிச்சலா ஆடின டீம், கடைசி மேட்ச்ல மட்டும் திடீர்னு கூட்டுக்குள்ள சுருங்கிக்கிறதை நீங்களே எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க.

ஏன் இப்படி? கோச் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. அட்டாக் பண்ணித் தோத்தா, பொறுப்பில்லாம ஆட விட்டார்னு பழி நேரா அவர் தலையில விழும். டிஃபன்ஸ் ஆடி ஒரு கோல்ல தோத்தா, அதிர்ஷ்டம் இல்லைன்னு ஊரே ஆறுதல் சொல்லும். ரெண்டும் ஒரே தோல்விதான், ஆனா பழி வேற. அது போக, கையில இருக்கிறது போனா வர்ற வலி, அதே அளவு புதுசா கிடைச்சா வர்ற சந்தோஷத்தை விடப் பெருசு. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு இதைப் பற்றியதுதான். ஒரு கோல் முன்னிலை கிடைச்சதும் கோச்சின் கண்ணுக்கு அடுத்த கோல் தெரியாது. கையில இருக்கிற கோல் மட்டும்தான் தெரியும்.

அந்தப் பயத்துக்குள் தானும் ஒரு தடவை போய், வெளியே வந்து, அதற்கு அடுத்த மாதமே ஐரோப்பாவை ஜெயித்த ஒருவரின் கதை இது. பெயர் ஜாக் ஸ்டீன்.

நிலக்கரியும் சனிக்கிழமையும்

1922 அக்டோபர் 5-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் உள்ள பர்ன்பேங்க் என்ற ஊரில் பிறந்தார் ஸ்டீன். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். அப்பா சுரங்கத் தொழிலாளி. பையனும் பதின்ம வயதிலேயே பூமிக்கு அடியில் இறங்கினார். 1942-இல் அல்பியன் ரோவர்ஸ் என்ற சின்ன கிளப்பில் சேர்ந்த பிறகும் சுரங்க வேலையை விடவில்லை. வாரம் முழுக்க நிலக்கரி, சனிக்கிழமை ஃபுட்பால். இப்படியே 27 வயது வரைக்கும் ஓடியது. அதன் பிறகுதான் வேல்ஸில் லனெல்லி என்ற கிளப் முழுநேர ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டது. அதுவும் பெரிய கிளப் இல்லை.

1951 கடைசியில் கிளாஸ்கோவின் செல்டிக் கிளப் அவரை வாங்கியபோது, ரிசர்வ் டீம் பையன்களுக்கு ஒரு மூத்தவர் துணை வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் முதல் டீமில் அடுத்தடுத்து காயங்கள். ஸ்டீன் உள்ளே வந்தார், அப்புறம் வெளியே போகவே இல்லை. கேப்டன் ஆனார். 1954-இல் லீகும் ஸ்காட்டிஷ் கப்பும் ஒரே சீசனில் செல்டிக்குக்கு வந்தன. 1955-இல் கணுக்கால் காயம். அதோடு ஆட்டக்காரர் வாழ்க்கை முடிந்த மாதிரிதான்.

கால் போனதும் அவர் பையன்களைத் தயார் பண்ண ஆரம்பித்தார். செல்டிக் ரிசர்வ் டீம் கோச். பில்லி மெக்நீல், ஜான் கிளார்க் போன்ற சின்னப் பையன்கள் அவர் கையில் வளர்ந்தார்கள். இந்தப் பெயர்களை ஞாபகம் வச்சுக்கோங்க, லிஸ்பனில் திரும்ப வருவாங்க.

ஆனால் அந்த கிளப்பில் மேலே போக அவருக்கு வழி தெரியவில்லை. செல்டிக், கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் இருந்த ஏழை ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்காக 1887-இல் தொடங்கப்பட்ட கிளப். ஸ்டீன் புராட்டஸ்டன்ட். அதுவரை அங்கே மேனேஜராக இருந்தவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர்கள். எனவே வெளியே கிளம்பினார்.

1960-இல் டன்ஃபர்ம்லைன். லீகிலிருந்து கீழே இறங்கும் நிலையில் இருந்த டீம். அதைக் காப்பாற்றியதோடு நிற்காமல், அடுத்த ஆண்டே ஸ்காட்டிஷ் கப் ஃபைனலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதிரே யார் தெரியுமா? செல்டிக்! முதல் ஆட்டம் கோல் இல்லாமல் டிரா, மறு ஆட்டத்தில் 2-0 என்று தன் பழைய கிளப்பையே தோற்கடித்தார். 1962-இல் ஐரோப்பியப் போட்டியில் ஸ்பெயினின் வாலென்சியாவிடம் 4-0 என்று அடி வாங்கிவிட்டு, சொந்த ஊரில் நடந்த இரண்டாவது லெக்கில் 6-2 என்று திருப்பி அடித்தது இதே டீம். மூன்றாவதாக நடந்த தீர்வு ஆட்டத்தில் 1-0 என்று தோற்றது வேறு விஷயம்.

1963-இல் ஸ்டீன் இத்தாலிக்குப் போனார், சுற்றிப் பார்க்க அல்ல. இன்டர் மிலான் டீமின் கோச் ஹெலினியோ ஹெரேரா எப்படிப் பயிற்சி கொடுக்கிறார் என்று நேரில் பார்க்க. அன்றைக்கு ஐரோப்பாவில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த முறை ஹெரேராவுடையது: கட்டெனாச்சோ. இத்தாலிய மொழியில் தாழ்ப்பாள் என்று பொருள். டிஃபன்ஸ் வரிசைக்குப் பின்னால் இன்னொரு ஆளை நிறுத்து, ஒரு கோல் அடி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடு. 1964, 1965 இரண்டு வருடமும் இன்டர்தான் ஐரோப்பிய சாம்பியன். பாதுகாப்பா ஆடுறவங்க ஜெயிக்க மாட்டாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ப்ராக்கில் ஒரு மாலை

இடையில் கொஞ்ச காலம் ஹிபர்னியன் கிளப்பில் இருந்துவிட்டு, 1965-இல் ஸ்டீன் செல்டிக்குக்கே மேனேஜராகத் திரும்பினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட். வந்த சில வாரங்களிலேயே ஸ்காட்டிஷ் கப், அடுத்த சீசனில் லீக். செல்டிக்கின் ஆட்டம் ஒரே திசையில்தான் போனது: முன்னால்.

ஆனால் ஐரோப்பாவில் செல்டிக்குக்கு ஒரு காயம் இருந்தது. 1964-இல், ஸ்டீன் வருவதற்கு முன்னால், ஒரு செமி ஃபைனலின் முதல் லெக்கில் ஹங்கேரியின் எம்டிகே டீமை 3-0 என்று ஜெயித்துவிட்டு, புடாபெஸ்ட் போய் 4-0 என்று தோற்று வெளியேறினார்கள். 1966-இல் ஸ்டீன் இருக்கும்போதே இன்னொரு செமி ஃபைனல். லிவர்பூலை வீட்டில் 1-0 என்று ஜெயித்து, அங்கே போய் 2-0 என்று தோற்றார்கள். ரெண்டு தடவையும் முன்னிலை கையில இருந்துச்சு, ரெண்டு தடவையும் நழுவிடுச்சு.

இப்போ 1967 ஏப்ரலுக்கு வாங்க. ஐரோப்பியக் கோப்பை செமி ஃபைனல். செக்கோஸ்லோவாகியாவின் டுக்லா ப்ராக் டீமை கிளாஸ்கோவில் 3-1 என்று செல்டிக் ஜெயித்துவிட்டது. இரண்டாவது லெக் ப்ராக்கில். ஃபைனலுக்கு இன்னும் 90 நிமிடம். நீங்க ஸ்டீன் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?

அவரும் அதையேதான் பண்ணினார். சால்மர்ஸ் என்ற ஒரே ஒரு ஆளை முன்னால் விட்டுவிட்டு, மற்ற எல்லாரையும் பின்னால் இழுத்தார். பந்து வந்தால் உதைத்துத் தள்ளு, மறுபடி வந்தால் மறுபடி உதை. ஸ்கோர் 0-0. செல்டிக் ஃபைனலுக்குப் போய்விட்டது. பிரிட்டனிலிருந்து எந்த கிளப்பும் அதுவரை அங்கே போனதில்லை.

ஸ்டீனின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். திட்டம் பலித்தது, வரலாறே படைத்தாச்சு, ஊரே கொண்டாடுது. ஆனால் அந்த ஆட்டத்தை நினைத்து அவருக்குப் பெருமை இல்லை, வெட்கம்தான். இனி ஒருபோதும் இப்படி ஒரு டீமை ஆடவைக்கப் போவதில்லை என்று முடிவு செய்தார். தோத்துட்டுப் பாடம் கத்துக்கிறவங்க நிறைய பேர். ஜெயிச்ச பிறகும், ஜெயிச்ச விதத்தைத் திருத்திக்கிறவங்க ரொம்பக் குறைவு.

லிஸ்பன், மே 25

ஃபைனல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில். எதிரே இன்டர் மிலான், அதே ஹெரேரா. ஒரு பக்கம் மூணு வருஷத்துல ரெண்டு தடவை ஐரோப்பாவை ஜெயித்த நட்சத்திரங்கள். இன்னொரு பக்கம், செல்டிக் மைதானத்திலிருந்து 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்த பதினோரு பேர். கோல்கீப்பர் சிம்ப்சனுக்கு வயது 36.

ஏழாவது நிமிடத்தில் செல்டிக் ஃபுல்பேக் ஜிம் கிரெய்க் செய்த ஃபவுலுக்கு பெனால்டி. மாசோலா அடித்தார், இன்டர் 1-0. அப்புறம் இன்டர் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது. மீதி 83 நிமிடம் காவல் காத்தால் போதும் என்பது கணக்கு.

ஸ்டீன் அந்தத் தாழ்ப்பாளை நாலு வருடம் முன்பே நேரில் பார்த்து ஆராய்ந்தவர். அது எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியும். எதிர் டீமின் ஃபார்வர்டுகளை ஆளுக்கு ஆள் பிடிப்பதுதான் அதன் பலம். அப்படியானால் பிடிக்க வரும் ஆளையே இடம் மாற்றி இழுத்துவிட்டால்? வலது விங்கில் நிற்க வேண்டிய ஜிம்மி ஜான்ஸ்டோன் உள்ளே வந்து அலைந்தார், அவரைக் காவல் காக்க வேண்டியவரும் கூடவே வர வேண்டியதாயிற்று. ஃபார்வர்டுகள் நடுவிலிருந்து விலகினார்கள். அப்படித் திறந்த இடத்துக்குள் யார் வந்தது? இரண்டு ஃபுல்பேக்குகள், கிரெய்க்கும் டாமி கெம்மலும். டிஃபன்ஸ் ஆட வேண்டியவர்கள் பின்னாலிருந்து ஓடி வந்தால், அவர்களைப் பிடிக்க இன்டரிடம் தனியாக ஆள் இல்லை.

பந்து இரண்டு தடவை கிராஸ்பாரில் பட்டது. இன்டர் கோல்கீப்பர் சார்டி தடுத்ததைத் தடுத்துக்கொண்டே இருந்தார். இடைவேளை வரைக்கும் 1-0-தான். இந்த இடத்தில் பதறிப்போய்த் திட்டத்தை மாற்றியிருக்கலாம். ஸ்டீன் மாற்றவில்லை.

63-ஆவது நிமிடம். வலது பக்கம் மேலே போன கிரெய்க் பந்தைக் குறுக்கே தள்ள, ஓடி வந்த கெம்மல் பாக்ஸுக்கு வெளியிலிருந்தே அடித்தார். கோல். கவனிச்சீங்களா? பாஸ் கொடுத்தது ஒரு ஃபுல்பேக், அடித்தது இன்னொரு ஃபுல்பேக். 84-ஆவது நிமிடம் மர்டாக் அடித்த பந்தை சால்மர்ஸ் உள்ளே திருப்பிவிட்டார். 2-1. ப்ராக்கில் முன்னால் தனியாக விடப்பட்ட அதே சால்மர்ஸ். கேப்டன் மெக்நீல், ஸ்டீன் வளர்த்த அதே பையன், கோப்பையைத் தூக்கினார். அந்தப் பதினோரு பேரை இன்றைக்கும் லிஸ்பன் சிங்கங்கள் என்றுதான் அழைக்கிறார்கள்.

இன்டரின் நிலைமையையும் பாருங்க. இன்னொரு கோல் தேவைப்பட்டபோது, முன்னால் போக அவர்களிடம் கால் இல்லை. ஒன்றே கால் மணி நேரம் பின்னாலேயே நின்ற டீம், ஆறு நிமிடத்தில் அட்டாக் டீமாக மாற முடியாது. அடுத்த வாரமே மாண்டோவாவிடம் 1-0 என்று தோற்று இத்தாலிய லீகையும் இழந்தார்கள்.

அதற்கப்புறம்

இதோட சுபம் போட்டா நல்லா இருக்கும். ஆனா வாழ்க்கை அப்படிப் போகலை. 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்களை ஜெயித்தார் ஸ்டீன். ஆனால் 1970-இல் திரும்பவும் ஐரோப்பியக் கோப்பை ஃபைனலுக்குப் போய், ஃபெயனூர்ட் டீமிடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றார். எதிராளியை லேசாக எடைபோட்டதுதான் அன்றைய பிழை. 1972 செமி ஃபைனலில் மறுபடி இன்டர். இரண்டு லெக்கிலும் கோல் இல்லை, பெனால்டியில் தோல்வி. அந்தத் தடவை தாழ்ப்பாள் தாங்கியது. துணிஞ்சு ஆடினா எப்பவும் ஜெயிக்கலாம்னு ஸ்டீனின் வாழ்க்கை சொல்லலை.

1975-இல் கார் விபத்தில் உயிர் பிழைத்தார். 1978-இல் செல்டிக்கை விட்டு விலகி, லீட்ஸில் 44 நாள் இருந்து, பிறகு ஸ்காட்லாந்து தேசிய டீமின் மேனேஜரானார்.

1985 செப்டம்பர் 10, வேல்ஸின் கார்டிஃப். டிரா செய்தால் ஸ்காட்லாந்து வேர்ல்ட் கப் பிளே-ஆஃபுக்குப் போகும், தோற்றால் எல்லாம் முடிந்தது. வேல்ஸ் 1-0 முன்னிலை. இரண்டாம் பாதியில் கார்டன் ஸ்ட்ராகனை வெளியே எடுத்து, டேவி கூப்பர் என்ற விங்கரை உள்ளே அனுப்பினார் ஸ்டீன். 81-ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை அந்த கூப்பர்தான் கோலாக்கினார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டீன் மைதானத்தின் ஓரத்திலேயே சரிந்தார். ஸ்டேடியத்தின் மருத்துவ அறையில் உயிர் பிரிந்தது. வயது 62. பக்கத்திலிருந்த உதவியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன்தான் பிறகு அந்த டீமை மெக்சிகோ வேர்ல்ட் கப்புக்குக் கூட்டிப்போனார்.

சரி, நமக்கும் இதுக்கும் என்ன? செமஸ்டர் முழுக்க ஓடிக்கிட்டிருந்த ப்ராஜெக்டை, ஃபைனல் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி, எதுக்கு ரிஸ்க்னு லைவ் டெமோவைத் தூக்கிட்டு வீடியோவா மாத்தின டீம் உங்க கிளாஸ்லயும் இருக்கும். திட்டத்தை மாத்துறது தப்பில்ல. லிஸ்பனில் ஸ்டீனும் மாத்தினார். ஜான்ஸ்டோனை உள்ளே கொண்டுவந்தது இன்டரைப் படிச்சுப் பார்த்துட்டு பண்ணின மாற்றம். ப்ராக்கில் ஆளையெல்லாம் பின்னால் இழுத்தது அன்னிக்கு இருந்த பதற்றத்துக்காகப் பண்ணின மாற்றம். ஒண்ணு எதிராளியைப் பார்த்து, இன்னொண்ணு தேதியைப் பார்த்து.

அடுத்த தடவை முக்கியமான நாளுக்கு முந்தின ராத்திரி எதையாவது மாத்தத் தோணுச்சுன்னா, இது ரெண்டுல எதுன்னு மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.