கழலையின் வேர் தேடிய மருத்துவர்: சர் இராபர்ட் மெக்காரிசன்

கழுத்தைச் சங்குக்கும் கமுகுக்கும் ஒப்பிட்டு மகிழ்ந்தது நம் தமிழ் மரபு. அக்கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒட்டியிருக்கும் தைராய்டு என்னும் சிறு சுரப்பியைப் பற்றிப் புலவர் எவரும் பாடக் காணோம். அது வீங்கிக் கழலையாகும் போதுதான் அப்படி ஒன்று இருப்பதே பலர்க்கும் தெரியவருகிறது.

திருவில்லிபுத்தூரில் நம் இளமையில் உறவுமுறை மூதாட்டியார் ஒருவர் வாழ்ந்தார். தலையில் இட்ட முக்காட்டை எந்நேரமும் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொள்வார். கோடையிலும் அப்படித்தான். நாணம் மிக்கவர் என்று சிறுவயதில் நாம் எண்ணியிருந்தோம். அவர் மறைத்துவந்தது முட்டையளவு பெருத்த கழலையை என்பது அவர் இறந்த பிறகே தெரிந்தது. ஓதிப் பார்த்திருக்கிறார்கள், பச்சிலைப் பற்றும் போட்டிருக்கிறார்கள். அது ஏன் வந்தது என்று மட்டும் வீட்டில் எவரும் கேட்டதில்லை.

அக்கேள்வியைக் கேட்டு, அதன் பொருட்டுத் தம் உடம்பையே சோதனைக்களமாக்கி, ஒரு விடையைக் கண்டு, அவ்விடை பெரும்பகுதி தவறாகிப் போயினும் வேறொரு பெரிய உண்மையைத் தமிழ் மண்ணிலிருந்து உலகுக்கு அளித்தவர் சர் இராபர்ட் மெக்காரிசன். குன்னூர் ஆய்வகத்தின் தந்தை எனப் பாடநூல்கள் ஒரு வரியில் அவரைச் சொல்லி முடித்துவிடுகின்றன. அவர் வாழ்க்கையை மாணவர்கள் இன்னும் சற்று விரிவாக அறிதல் வேண்டும் என்பது நம் விருப்பம்.

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு அயர்லாந்தின் வடபகுதியில் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று 1900இல் சிறப்புடன் தேறினார். மறு ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பலேறினார். அவருக்குக் கிடைத்த பணியிடமோ நகரமன்று. இந்துகுஷ் மலைத்தொடரின் மடியில், இன்று பாகிஸ்தானில் உள்ள சித்ரால் பள்ளத்தாக்கு. அங்குப் படைவீரர்களை ஆண்டுதோறும் வாட்டிய மூன்று நாள் காய்ச்சலை ஆராய்ந்து, அது மணல் ஈயால் பரவுவதாகலாம் என்று கருதி 1906இல் எழுதினார். அதனைப் பிறர் பின்னர் உறுதிப்படுத்தினர். இருபதுகளின் இறுதியில் இருந்த ஓர் இளைஞர்க்கு இது சிறிய புகழன்று. ஆயினும் அவர் மனம் வேறொன்றில் பதிந்துவிட்டது.

சித்ராலிலும், பின்னர் அவர் மருத்துவ அலுவலராக இருந்த கில்கித்திலும், கழலையில்லாத கழுத்தைக் காண்பதே அரிதாக இருந்த சிற்றூர்கள் இருந்தன. கழலையினும் கொடிது ஒன்றும் அங்கே இருந்தது. காது கேளாமலும், பேச்சு வாராமலும், அறிவு மலராமலும், கால்கள் விறைத்தும் பிறந்த குழந்தைகளை அவர் குடும்பந்தோறும் கண்டார். தாயின் கழலைக்கும் பிள்ளையின் ஊமைத்தன்மைக்கும் தொடர்புண்டு என்பதை உணர்ந்து, அத்தகையோரை ஒருவர்பின் ஒருவராகச் சோதித்துக் குறித்துக்கொண்டார். குள்ளமாய், முகம் ஊதி, உடல் தளர்ந்து இருப்போர் ஒரு வகை. வளர்ச்சி ஓரளவு இருந்தும் நரம்பு கெட்டுச் செவிப்புலனும் அறிவும் இழந்தோர் மற்றொரு வகை. 1908இல் அவர் செய்த இப்பாகுபாட்டை மருத்துவ நூல்கள் இன்றளவும் கைவிடவில்லை.

இஸ்லாமிய மருத்துவ மரபிலும் கழலை கவனம் பெற்றிருந்தது என்பதை இடையே சொல்லிவைத்தல் தகும். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாரிசும் அரசவையில் இருந்து பாரசீக மொழியில் மருத்துவக் களஞ்சியம் ஒன்றை எழுதிய இஸ்மாயில் ஜுர்ஜானி, கழுத்துக் கழலையும் கண் பிதுங்கலும் சேர்ந்து வருவதைக் குறித்திருக்கிறார். ஐரோப்பிய மருத்துவர்கள் இதனைத் தெளிவுற எழுதியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆயினும் கழலை எதனால் வருகிறது என்ற வினா எஞ்சியே நின்றது.

மெக்காரிசன் முதலில் ஐயுற்றது தண்ணீரை. காரணம் கில்கித்தின் அமைப்பு. மலையிலிருந்து இறங்கும் ஒரே வாய்க்கால் ஊர் ஊராகப் பாய்ந்து சென்றது. மேலூரார் குளித்து, துவைத்து, கழித்த நீரையே கீழூரார் பருகினர். மேலூரில் கழலை குறைவு. கீழே போகப் போக மிகுதி. கடைசி ஊரிலோ ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கழலை. நம் பகுதி மாணவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் செல்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இராசபாளையத்தார் குடிப்பதும் அய்யனார் கோயில் ஆற்றின் மலைநீரே.

ஐயத்தை ஐயமாகவே விட்டுவிடவில்லை அவர். கழலை மிகுந்த ஊர் நீரை வடிகட்டி, அதில் தங்கிய வண்டலைத் தாமும் உண்டார். உடன்பட்டு முன்வந்தவர்களையும் உண்ணச் செய்தார். வேறு சிலர்க்கு அதே வண்டலைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். கொதிக்கவைக்காததை உண்டோர் சிலருக்குச் சில வாரங்களில் கழுத்து வீங்கியது. மெக்காரிசனின் கழுத்தும் வீங்கியது! கொதிக்கவைத்ததை உண்டோர்க்கு வீங்கவில்லை. ஆகவே நீரிலுள்ள ஏதோ உயிர்ப்பொருள் குடலில் தங்கிச் சுரப்பியைக் கெடுக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். இம்முடிவை 1913இல் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியின் மில்ராய் சொற்பொழிவுகளாக வழங்கினார். 1917இல் தைராய்டு சுரப்பியின் நலமும் நோயும் பற்றித் தனி நூலும் எழுதினார்.

இங்கேதான் அவர் வழுவினார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. தைராய்டில் அயோடின் உண்டு என்பதைச் செருமானிய அறிஞர் பௌமான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டிருந்தார். அமெரிக்காவில் டேவிட் மரைன் என்பார் பள்ளி மாணவியர்க்கு அயோடின் உப்பைச் சிற்றளவில் கொடுத்துக் கழலை வாராமல் தடுத்துக் காட்டினார். 1922இல் சுவிட்சர்லாந்து அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தத் தொடங்கியது. மலைமண்ணை மழையும் பனியும் கழுவிக்கழுவி அயோடினைக் கொண்டுபோய்விடுகின்றன. அம்மண்ணில் விளைந்ததையே உண்போர்க்கு அயோடின் போதாமல் சுரப்பி தன்னைப் பெருக்கிக்கொண்டு ஈடுகட்ட முயல்கிறது. அதுவே கழலை. மெக்காரிசன் அயோடினை மறுத்தாரல்லர்; ஆனால் அதனைப் பல காரணங்களுள் ஒன்றாகவே கருதி, தூய்மைக்கேட்டையும் குடல் நோயையும் விடாமல் பற்றிக்கொண்டிருந்தார். கண்ணால் கண்ட சோதனையைக் கைவிடுவது யார்க்கும் எளிதன்று. அதிலும் தம் கழுத்தே சான்றாக நின்றது.

முதல் உலகப்போர் முடிவுற்ற 1918இல் அவர் நீலகிரிக்கு வந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓரறையில், பெரிபெரி என்னும் நோயை ஆராயும் சிறு பணியாக அது தொடங்கியது. நோய்வாய்ப்பட்டு இடையில் தாயகம் சென்றார், திரும்பி வந்தார். 1923இல் சிக்கனக் குழுவின் பரிந்துரையால் அரசு அவ்வாராய்ச்சியையே மூடிவிட்டது. ஈராண்டுக்குப் பின் மீண்டும் திறந்தது. அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையமாகி, பிற்காலத்தில், 1958இல், ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

குன்னூரில் அவர் செய்த சோதனைகளுள் தமிழராகிய நாம் சற்று நாணத்துடன் நினைவுகூர வேண்டியது ஒன்றுண்டு. இந்தியாவின் ஏழு வகை மக்கள் உண்ணும் உணவை, அவரவர் சமைக்கும் முறையிலேயே சமைத்து, எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்தார். சீக்கியர் உணவு, பட்டாணியர் உணவு, மராட்டியர் உணவு, கூர்க்கர் உணவு, கன்னடர் உணவு, வங்காளியர் உணவு, சென்னை மாகாணத்தார் உணவு என்பன அவை. முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியன உண்ட சீக்கியக் கூட்டத்து எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. தீட்டிக் கழுவிய அரிசியை முதன்மையாகக் கொண்டு, பாலும் கீரையும் அருகிய நம் உணவை உண்டவை 155 கிராமில் நின்று, ஏழிலும் கடைசியாயின. எலிகள் ஒரே இனம். வளர்ந்த மலையும் ஒன்று. தட்டில் விழுந்தது மட்டுமே வேறு.

கோளாறு அரிசியிலன்று, ஆலையிலும் அடுக்களையிலும் இருந்தது. நெல்லைத் தீட்டத் தீட்டத் தவிட்டோடு பி1 உயிர்ச்சத்து போகிறது. எஞ்சியதைக் கழுநீரில் கரைக்கிறோம். அதற்கும் தப்பியதை வடிகஞ்சியில் கொட்டுகிறோம். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்தும் புழுங்கலரிசியில் அச்சத்து உள்ளே இறங்கிவிடுவதால் இழப்பு குறைகிறது. வெண்ணிறப் பச்சரிசியை மேட்டிமையின் அடையாளமாக மதித்துப் புழுங்கலை எளியோர் சோறு என்று ஒதுக்கிய வீடுகளை நாமே கண்டிருக்கிறோம். மெக்காரிசன் ஓயாமல் வற்புறுத்திய மற்றொரு பொருள் பால். பால்கோவாவால் பெயர் பெற்ற திருவில்லிபுத்தூரார்க்கு இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனினும் பாலெல்லாம் கோவாவாகி வெளியூர் போய்விடுவதும் உண்மைதானே!

தைராய்டை அவர் குன்னூரிலும் மறக்கவில்லை. குறைபட்ட உணவாலும் அழுக்குக் கூண்டாலும் எலிகளின் தைராய்டில் வெள்ளணுக்கள் புகுந்து வீங்குவதைக் கண்டு எழுதினார். இது ஜப்பானியர் ஹஷிமோட்டோ 1912இல் மனிதரிடம் கண்ட நோயை ஒத்தது. இன்று இராசபாளையத்துக் கடைத்தெருவில் இரத்தம் கொடுத்து, டி.எஸ்.எச். மிகுந்திருக்கிறது என்ற தாளோடு வீடு திரும்பும் பெண்களுள் மிகப் பலர்க்கு உள்ளது இந்நோய்தான். உடலின் காவற்படையே தன் சுரப்பியைத் தாக்குவது அது. சுரப்பி தளர்ந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி அதனை முடுக்க டி.எஸ்.எச். நீரை மேலும் மேலும் அனுப்பும். அதனால்தான் அவ்வெண் ஏறுகிறது. அதற்குரிய மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்ளப்படுவது. நோன்பு மாதத்தில் நம் தாய்மார்கள் பலர் அதனைத் தாமே நிறுத்திவிடுகின்றனர். நிறுத்த வேண்டுவதில்லை. சஹருக்குப் போதிய இடைவெளி விட்டு முன்னரோ, உறங்கப் போகுமுன்னரோ உட்கொள்ளும் வழிகள் உண்டு. மருத்துவரைக் கேட்டால் சொல்வார். கருவுற்ற மகளிர்க்கு இது பன்மடங்கு இன்றியமையாதது. கில்கித்தில் மெக்காரிசன் கண்ட பிள்ளைகளை நினைத்தால் காரணம் விளங்கும்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். தூத்துக்குடிக் கடலுப்பு நம் வீட்டுக்கே வருகிறது, நமக்கேன் அயோடின் என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கடல்நீரைக் காய்ச்சி எடுத்த உப்பில் இயற்கையாகத் தங்கும் அயோடின் மிகச் சொற்பம். தனியே சேர்த்தால்தான் உண்டு. அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்பதற்கு 1998இல் நடுவணரசு விதித்த தடை 2000இல் நீங்கி, 2006இல் மீண்டும் வந்தது. கல்லுப்பும் இதற்கு விலக்கன்று.

மெக்காரிசனுக்கு 1933இல் சர் பட்டம் கிடைத்தது. 1935இல் குன்னூரை விட்டு ஓய்வு பெற்றார். மறு ஆண்டு இலண்டனில் நிகழ்த்திய காண்டர் சொற்பொழிவுகளில், குன்னூர் எலிகளைச் சான்றாக்கிப் பிரித்தானிய மக்களின் உணவையும் கடிந்துரைத்தார். வெள்ளை ரொட்டியும் இனிப்புத் தேநீரும் உண்ட ஆங்கில ஏழையரின் உணவையும் அவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். அவையும் நலிந்தே போயின. ஆள்வோர் உணவும் ஆளப்படுவோர் உணவும் அவர் தராசில் ஒன்றே. பின்னர் ஆக்ஸ்போர்டில் தங்கி மருத்துவக் கல்விப் பணி ஆற்றினார்.

1947க்குப் பின் குன்னூர் ஆய்வகத்துக்கு இராமலிங்கசாமி என்னும் இளம் மருத்துவர் வந்து சேர்ந்து சில ஆண்டுகள் பணியாற்றினார். அவரே பின்னர் 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் மற்றப் பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் வழங்கும் பெருஞ்சோதனையைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர். மெக்காரிசன் தம் 82ஆம் வயதில், 1960 மே மாதத்தில், ஆக்ஸ்போர்டில் மறைந்தபோது காங்ராவின் மலையூர்களில் அவ்வுப்பு விற்பனையாகிக்கொண்டிருந்தது; அயோடின் உண்ட பகுதிச் சிறுவர்களின் கழுத்துகள் மெல்ல வடிந்துகொண்டிருந்தன. நாட்டின் கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் பிறந்தது.